ஈயம் செய்ததற்கு இயற்கையின் மேல் பழி போடாதீர்கள்

அமெரிக்காவின் பிணந்தின்னிக் கழுகான காண்டோர் குறித்து நேற்று நான் பகிர்ந்த செய்தியின் கீழே நடந்த வாக்குவாதத்தை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். "அழிய வேண்டிய பறவை அழிகிறது, அதுதான் இயற்கை" என்று ஒருவர் எழுத, அதையும் பலர் விரும்பியிருந்தார்கள். இரவு முழுவதும் அந்த வரி மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது.

கலிபோர்னியா காண்டோரைக் கொல்வதில் முதலிடம் ஈயத்துக்குத்தான். மானைச் சுடும் ஈயத் தோட்டா உடலுக்குள் நுழைந்ததும் நுண்துகள்களாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலைக் காட்டிலேயே விட்டுப் போக, அதைத் தின்னும் காண்டோரின் வயிற்று அமிலத்தில் அத்துகள்கள் கரைந்து இரத்தத்தில் ஏறுகின்றன. செரிமானப் பாதை செயலற்றுப்போவதால், தீனிப்பை நிறைய இரை இருக்கும்போதே அப்பறவை பட்டினியால் சாகிறது. 1982-ல் உலகிலேயே 22 காண்டோர்கள்தான் எஞ்சியிருந்தன. 1987-ல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, காப்பகத்தில் இனம் பெருக்கி, 1992 முதல் மீண்டும் பறக்கவிட்டார்கள். அவற்றை இன்றும் அவ்வப்போது பிடித்து இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்து, மிகுந்திருந்தால் ஊசி போட வேண்டியிருக்கிறது. இதில் இயற்கை எங்கே வந்தது?

வேட்டைக்காரர்களை நான் வெறுப்பதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். என் பக்கத்து வீட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாக மான் வேட்டையாடும் குடும்பத்தவர். சுடப்பட்ட மான் ஒன்றின் எக்ஸ்-ரே படத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். தோட்டா துளைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும், உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அதைப் பார்த்தபின் அவர் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டார். விலை கூடுதல் என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

2019 ஜூலை முதல் கலிபோர்னியா முழுவதும் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது என்று சட்டம் இருந்தும் காண்டோர்கள் சாகின்றனவே என்கிறார்கள். கூட்டமாக இரையுண்ணும் பறவைக்கு, சட்டத்தை மதிக்காத ஒருவர் விட்டுச்சென்ற குடல் போதாதா? இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் இனம் எத்தனை சாவைத்தான் ஈடுகட்டும்?

"தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு அமெரிக்கக் கழுகின் மேல் என்ன அக்கறை?" என்ற கேள்விதான் என்னை மிகவும் புண்படுத்தியது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசியால், அம்மாடுகளின் சடலத்தைத் தின்ற நம் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கொத்துக்கொத்தாக மடிந்து, இன்று நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றை எண்ணிக் காத்துக்கொண்டிருக்கிறோம். 2006-ல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தபோது மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கையில் இருந்தது. ஈயத்துக்கு மாற்றாகச் செம்பும் இன்று கடையில் இருக்கிறது.