ஊசி குத்தினால் விபத்து, மணிக்கட்டு தேய்ந்தால் வயது

2014-ஆம் ஆண்டு, திருப்பூரில் என் அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷினின் ஊசி அவருடைய வலது ஆட்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து இறங்கி உள்ளேயே முறிந்துவிட்டது. கம்பெனி உடனே விபத்து அறிக்கை எழுதியது. அம்மா ஒன்பது நாள் வீட்டில் இருந்தார். அந்த நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம், தொழிலாளியும் கம்பெனியும் சந்தா கட்டும் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வந்து சேர்ந்தது. யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் முறிந்த ஊசி எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தது.

அதே கை ஐந்து ஆண்டுகள் கழித்து இரவுகளில் மரத்துப்போக ஆரம்பித்தது. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, ஈரக் கையை உதறுவதுபோல் அம்மா வலது கையை உதறிக்கொண்டே இருப்பார். "கண்ணு, கையி மரக்கட்டையாட்டம் இருக்குது" என்பார். காலையில் காபி டம்ளர் பிடியிலிருந்து நழுவும். ரவிக்கையின் கொக்கியை நான்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. பரிசோதனையில், மணிக்கட்டின் குறுகலான பாதைக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு சேர்ந்து செல்லும் நரம்பு நெரிபட்டிருப்பது தெரிந்தது. 'கார்பல் டனல்' என்று மருத்துவர் பெயர் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளாக நாளுக்கு ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், துணியைத் தள்ளிக் கொடுத்த கை அது. "இது தைத்ததால் வந்ததுதானே டாக்டர், அப்படி எழுதித் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். "வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம் அம்மா, ஆனால் அப்படி எழுதினாலும் அதை வாங்கிக்கொள்ள இடம் இல்லை" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சட்டத்தைத் தேடிப் படிக்க வைத்தது. ஈ.எஸ்.ஐ. விதிகளின் பார்வையில் 'வேலைக் காயம்' என்பது இரண்டே வழிகளில் வரும்: ஒன்று விபத்து, மற்றொன்று அட்டவணையில் பெயர் உள்ள தொழில்நோய். இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், வேலை செய்ய முடியாத காலம் வரை 90 சதவீதம் கூலி கிடைக்கும். நிரந்தரக் குறை என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால் ஆயுள் முழுக்க ஒரு தொகையும் வரும். இரண்டிலும் சேராதது சாதாரண நோய். அதற்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள், 70 சதவீதம். நீடித்த நோய்களுக்கென்று 34 நோய்களின் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது, அதில் இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம் பெற வழி உண்டு. முதுகில் ஜவ்வு விலகுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது, மணிக்கட்டு நரம்பு இல்லை. ஆகவே மாடிப்படியில் வழுக்கி விழுந்து ஒரே நாளில் கெட்ட முழங்காலுக்குத் தரப்படும் மரியாதை, இருபது ஆண்டு நின்றே கெட்ட முழங்காலுக்குத் தரப்படுவதில்லை.

உடலின் உறுப்புகளுக்கு விலை போடத் தெரியாத சட்டமும் அல்ல இது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இலேயே வந்துவிட்டது. அதன் அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரலுக்கு 12 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறன் இழப்பைக் கணுக்கணுவாகக் கணக்கிட்டது. அம்மாவுக்கு மரத்துப்போனதும் இந்த மூன்று விரல்கள்தான். அவை கையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அவருடைய துரதிர்ஷ்டம் என்று சில சமயம் கசப்பாக நினைத்துக்கொள்வேன்.

மெதுவாக வரும் நோயைச் சட்டம் அறியாது என்றும் சொல்ல முடியாது. கோவைப் பகுதி நூல் ஆலைகளில் பஞ்சுத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் தொழில்நோய் அட்டவணையில் இருக்கிறது. ஈய நஞ்சு, இரைச்சலால் வரும் காது மந்தம், வேலையிடத்தில் சுவாசிக்கும் பொருட்களால் வரும் ஆஸ்துமா, எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. தையல்காரரின் மணிக்கட்டுக்கும் மூட்டை தூக்குபவரின் இடுப்புக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. நூல் நூற்பவருடைய நுரையீரலுக்குக் கிடைத்த இடம், அதே நூலில் நெய்த துணியைத் தைப்பவருடைய கைக்கு ஏன் கிடைக்கவில்லை? பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தபோது, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் அட்டவணையை ஆசையோடு புரட்டினேன். பெரும்பாலும் அதே பழைய பட்டியல்தான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் எலும்பு, தசை, மூட்டு நோய்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. மணிக்கட்டுத் தசைநாண் வீக்கம், முழங்கை வலி, மண்டியிட்டும் குந்தியும் வேலை செய்வதால் கிழியும் முழங்கால் ஜவ்வு, கார்பல் டனல் என்று அதில் பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய் மணிக்கணக்கு வைத்திருக்கிறது. அங்கே 2009 முதல், பணிக்காலம் முழுவதிலும் சேர்த்துக் குறைந்தது 13,000 மணி நேரம், ஷிப்டுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மண்டியிட்டு வேலை செய்தவருக்கு வரும் மூட்டுத் தேய்மானம் தொழில்நோய்.

இந்த எண்ணைப் படித்ததும் டைல்ஸ் ஒட்டும் என் சித்தப்பாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மண்டியில் இருக்கிறார் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 நாள் வேலை என்றால் 750 மணி நேரம். பதினெட்டே ஆண்டுகளில் 13,000 மணி நேரம் கடந்துவிடும். அவர் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. முழங்காலின் மேல் தோல் கறுத்து, தொட்டால் செருப்பின் அடிப்பகுதிபோல் இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு வைத்திருக்கிறார். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை வாங்கியிருக்கிறார், அதை நன்றியோடு சொல்வார். முழங்காலுக்கு என்ன என்று கேட்டால் சிரிப்பார்.

இந்தப் பேச்சை எடுத்தால் வரும் மறுப்பு எனக்குத் தெரியும். வேலையால் வந்ததா, வயதால் வந்ததா, வீட்டு வேலையால் வந்ததா என்று யார் பிரித்துச் சொல்வது? நியாயமான கேள்விதான். அம்மாவின் கை கம்பெனித் துணியை மட்டும் தள்ளவில்லை. தண்ணீர்க் குடம் தூக்கியது, துணி பிழிந்தது, எங்களை வளர்த்தது. ஆனால் பஞ்சாலைத் தொழிலாளி பீடி குடிப்பவராக இருந்தாலும் பிசினோசிஸ் பட்டியலில்தானே இருக்கிறது? காரணம் கலந்திருப்பது எல்லா நோய்க்கும் பொது. எத்தனை ஆண்டு, எந்த வேலை, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு வரம்பு வகுத்துவிட்டால் மீதியை ஆவணம் பேசும். வருகைப் பதிவேடும், பி.எஃப். கணக்கும், ஈ.எஸ்.ஐ. சந்தா விவரமும் வேறு எதற்கு இருக்கின்றன?

தமிழ்நாட்டு அரசு எதுவுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, கோழிக்கோட்டில் பெண் தொழிலாளர்களைத் திரட்டிய விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் நடத்திய நெடிய போராட்டத்துக்குப் பிறகு கேரளம் இந்த உரிமையைத் தந்திருந்தது. இவ்வளவு ஏன், பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு 1948-லேயே நின்று வேலை செய்பவருக்கு இருக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டது. போன தீபாவளிக்கு ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் ஸ்டூல்களைப் பார்த்து மகிழ்ந்தேன். அருகே போனால் ஒவ்வொன்றின் மேலும் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. புடவை எடுத்துக் காட்டிய பெண் பேசும்போதே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் பாரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அவர் வரும் பகல் நேரத்தில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருப்பதில்லை. தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று வேலையிடத்துக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு இயன்முறை மருத்துவரையும் உட்கார வைப்பது அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. முழங்கால் முழுதும் தேய்ந்த பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். அத்தனை பணம் செலவழிக்க முடிகிற அரசு அதற்கு இருபது ஆண்டு முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறதே என்பார்கள். அதன் முக்கியச் சலுகைகளுக்குக் குறை 40 சதவீதமாவது இருக்க வேண்டும். மேலும், பணிக்காலத்தில் குறை ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லும் 20-ஆவது பிரிவின் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். அரசுப் பேருந்து ஓட்டுநர் அதைக் காட்டி நீதிமன்றம் வரை போய் வாதாடலாம். பனியன் கம்பெனி டெய்லருக்கு, "கை சரியானதும் வாங்கக்கா" என்று சொல்லி அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது மூன்றுதான். பன்னாட்டுப் பட்டியலில் உள்ள மூட்டு, தசை நோய்களை மணிக்கணக்கு வரம்போடு நம் அட்டவணையில் சேர்க்க வேண்டும். நோய் தெரிந்த நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு, கூலி குறையாமல் வேறு வேலை தரும் கடமையைத் தனியார் நிறுவனங்களுக்கும் விதித்து, அந்தக் கூலியில் ஒரு பங்கை ஈ.எஸ்.ஐ. ஏற்க வேண்டும். நல வாரியங்களில் பதிவு செய்தவர்களுக்கும் இவை பொருந்த வேண்டும். இல்லையென்றால் சித்தப்பாவைப் போன்றவர்கள் மறுபடியும் வெளியேதான் நிற்பார்கள்.

அம்மா 2020-க்குப் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. அறுவை சிகிச்சை செய்ததில் இரவு மரத்துப்போவது நின்றது, பிடிமானம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இப்போது மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும் துணியில் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கத்தரியை இடது கையில் பிடிக்கப் பழகிவிட்டார். இந்த வேலைக்கு வருகைப் பதிவேடு கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. நேற்று இடது மணிக்கட்டையும் நீவிக்கொண்டிருந்தார்.