அக்காவின் கணக்கு நோட்டு

எங்கள் ஊர்ப் பக்கம் உடன்பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. அக்காவிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால், வேற்று ஆளிடம் பேசுவதுபோலப் பேசுகிறானே என்று அவள் முகம் வாடிவிடும். சொல்லாமலே புரியும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தலைமுறை முழுவதும் வாழ்ந்திருக்கிறது. எனக்கு 68 வயதாகிறது. சொல்லாமல் விட்டதோடு, செய்ய வேண்டியதையும் செய்யாமல் இத்தனை ஆண்டுகளை ஓட்டிவிட்டேன் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு பழைய நோட்டு.

சென்ற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணில் இருந்தவற்றையெல்லாம் கீழே இறக்கினோம். அப்பாவின் தகரப் பெட்டிக்குள் பத்திரங்களுக்கு அடியில் அது கிடந்தது. அட்டை போய்விட்டது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘1972’. கீழே தேதிவாரியாக எண்கள்: திங்கள் 3, செவ்வாய் 3, வியாழன் இரண்டரை. அக்கா ஒட்டிய தீப்பெட்டிகளின் குரோஸ் கணக்கு. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் தினமும் இரவு அவளுக்காக எழுதி வைத்தது.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது கரிசல் மண். மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு. பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. வயலில் வேலை இல்லாத ஊர்களில் தீப்பெட்டித் தொழில்தான் அடுப்பெரிய வைத்தது. குச்சி அடுக்குவதும் மருந்து முக்குவதும் ஆபீசில் நடக்கும். நாங்கள் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். பெட்டி ஒட்டுவது வீட்டு வேலை. காகிதம்போல மெல்லிதாகச் சீவிய மரச்சீவலைக் கோட்டில் மடித்து, நீலத் தாளைச் சுற்றி ஒட்ட வேண்டும். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். ஏஜென்டு வந்து எண்ணிப் பார்ப்பார். கோணல், பசை விட்டது என்று கொஞ்சத்தைக் கழிப்பார். மீதிக்குத்தான் கூலி.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சமையல், தண்ணீர் எடுப்பது, ஆட்டுக்குக் குழை ஒடிப்பது எல்லாம் முடிந்து மாலையில் பலகைக்கு முன்னால் உட்காருவாள். அரிக்கேன் விளக்கின் ஒரு பக்கத்தில் அவள் பெட்டி, மறுபக்கத்தில் என் பாடப் புத்தகம். வெளிச்சம் எனக்கு நன்றாக விழும்படி விளக்கை நகர்த்தி வைப்பாள். அவளுக்கு வெளிச்சம் தேவையில்லை. விரல்களுக்கே தெரியும்.

34 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால், நோட்டைப் பார்த்ததும் கூட்டத் தொடங்கிவிட்டேன். அந்த ஓராண்டில் அக்கா ஒட்டியது 940 குரோஸ். அதாவது 1,35,360 பெட்டிகள். கூட்டி முடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். 21 வயதுப் பெண்ணின் ஓர் ஆண்டுக் கணக்கு அது. அவள் அதற்கு முன்பும் ஒட்டினாள், பின்பும் ஒட்டினாள்.

நோட்டின் வலப்பக்கத்தில் செலவு. அரிசி, மண்ணெண்ணெய், அம்மாவுக்கு மருந்து. நடுநடுவே ‘தம்பி பரீட்சைக் கட்டணம்’, ‘தம்பி செருப்பு’. ஓரிடத்தில் ‘மடக்கை அட்டவணை’. அந்த அட்டவணையை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது எதற்கு என்று அக்கா கேட்டாள். பெரிய பெரிய பெருக்கலையெல்லாம் இதை வைத்துக் கூட்டலாக மாற்றிவிடலாம் என்றேன். அவள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக எண்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. பசை படாமல் இருக்க உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் புரட்டினாள். வலப்பக்கத்தில் ‘அக்கா’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று இந்த ஆண்டு தேடினேன். இல்லை. நான் கணக்கு எழுதிய ஓராண்டு முழுவதிலும் அவள் தனக்கென்று ஒரு பொருளும் வாங்கவில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பி.யு.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பை முடித்து, பி.எஸ்சி. சேர்ந்து ஓராண்டு போன பிறகு, 1976 கோடையில்தான் அவளுக்குத் திருமணம் நடந்தது. 25 வயது. அன்றைக்கு எங்கள் ஊரில் அது மிகவும் பிந்திய வயது. அவள் போய்விட்டால் வீட்டுக்கு வருமானம் நின்றுவிடும் என்று அப்பா இழுத்தடித்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். என் படிப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிடப் பெரியதொன்றை இன்று எழுத வேண்டும்.

அப்பா 1991இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பா தன் உழைப்பில் வாங்கிய மூன்று ஏக்கர் கரிசலுக்கு அக்காவும் நானும்தான் வாரிசு. இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காவை அழைத்துப் போய், தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் ஹோட்டலில் சாப்பிட்டோம். ‘என் பங்குக்குரிய தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, மனப்பூர்வமாக’ என்று அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அவள் ஒரு ரூபாய்கூடப் பெறவில்லை. படித்துக் காட்டும்படி அவள் கேட்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை. எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா தம்பி என்று என்னிடம்தான் கேட்டாள்.

ஊரில் எல்லோரும் செய்ததுதானே என்று பலர் சொல்வீர்கள். நானும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சட்டம் அப்போதே தெளிவாக இருந்தது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே திருமணமான பெண்கள் அதில் சேரவில்லை. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை மேலும் உறுதிப்படுத்தியது. இத்தனை சட்டங்களும் ஒரு கையெழுத்தில் கரைந்துபோகின்றன. அந்தக் கையெழுத்தைப் பெண்கள் பாசத்தினால் போடுகிறார்கள். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயத்தினாலும் போடுகிறார்கள். அண்ணன் தம்பிகளான நாம் அந்தப் பாசத்தையும் பயத்தையும் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் பேனாவை நீட்டுகிறோம்.

காலையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றியே. மகன் போன் செய்யவில்லை, மருமகள் மதிக்கவில்லை, இவ்வளவு படிக்க வைத்தேனே, இவ்வளவு செய்தேனே. அந்த வருத்தங்கள் உண்மையானவை, நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நமக்கு வர வேண்டியதைப் பற்றி இத்தனை நுணுக்கமாக ஞாபகம் வைத்திருக்கும் நாம், நாம் கொடுக்க வேண்டியவர்களை எப்படி இத்தனை சுலபமாக மறந்தோம்? நம்மில் ஒவ்வொருவருக்கும் பின்னால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற ஓர் அக்காவோ, பதினைந்து வயதில் கடைக்கு வேலைக்குப் போன ஓர் அண்ணனோ இருப்பார்கள். அவர்களைப் பற்றி அந்தப் பாதையில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

நோட்டு கிடைத்த பிறகு, மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கென்று வைத்துக்கொண்டேன். விசேஷம், துக்கம் என்று காரணம் வைத்துக்கொண்டு போவது வேறு. கை நிறையச் சாமானும் அவசரமுமாகப் போய், பந்தியில் பார்த்துவிட்டுத் திரும்பும் உறவாகத்தான் எங்களுடையது இருந்தது. இப்போது திருநெல்வேலியிலிருந்து நான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுகிறேன். அவள் எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் என் அக்காவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் பஸ்ஸுக்கு மகனிடம் கேட்க வேண்டும் என்பதற்காகவே பல பயணங்களை மனதோடு விட்டுவிட்டவள் அவள். இன்று 74 வயதில், நினைத்தால் புறப்பட்டு வருகிறாள். வரும்போதெல்லாம் என் பேரப்பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடாமல் இருப்பதில்லை.

முதல் இரண்டு மாதங்கள் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. உடம்பு, மழை, பிள்ளைகள் என்று அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மூன்றாவது மாதம் சும்மா கேட்டேன், அந்தக் காலத்தில் உனக்கு என்ன ஆசை இருந்தது என்று. யோசிக்காமல் சொன்னாள்: தையல். கோவில்பட்டியில் ஒரு தையல் வகுப்புக்குப் பன்னிரண்டு நாள் போயிருக்கிறாள். பாவாடை வெட்டக் கற்றுக்கொண்டாள், ஜாக்கெட் தொடங்குவதற்குள் நின்றுவிட்டாள். ஏன் நின்றாய் என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்று பேச்சை மாற்றினாள். எந்த ஆண்டு என்றாவது சொல் என்று விடாமல் கேட்டதில், நீ பி.யு.சி. சேர்ந்த வருஷம் என்றாள். ஒரே வீட்டில் இருந்தேன். அவள் பன்னிரண்டு நாள் தையல் படித்தது எனக்குத் தெரியாது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை அவள் பெயருக்கு எழுதுவதென்று. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. உடன்பிறந்தவர்களும் அதற்குள் வருவார்கள். வீட்டில் சொன்னேன். மனைவி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, அண்ணி கையால் சாப்பிட்டுத்தானே நானும் இந்தக் குடும்பத்தில் காலூன்றினேன், எழுதிவிடுங்கள் என்றார். மகன்தான் தயங்கினான். பழைய பத்திரம் செல்லுபடியாகக்கூடியது, யாரும் கேட்கவில்லையே என்றான். அவனை உட்காரவைத்து நோட்டைக் காட்டினேன். அவன் படித்த பொறியியல் படிப்புக்கு நான் கட்டிய பணம் எந்தச் சம்பளத்திலிருந்து வந்தது, அந்தச் சம்பளம் எந்தப் படிப்பிலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில், போதும் அப்பா, நானும் வருகிறேன் என்றான்.

அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. எனக்கு எதற்கு அய்யா இது, நீ மாதாமாதம் வந்து போனால் போதாதா என்றாள். கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்று ஒரு பயம். பங்கு கேட்ட அக்கா என்று ஊர் சொல்லுமே என்று இன்னொரு பயம். நீ கேட்டு நான் கொடுக்கவில்லை, நான் எடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்று நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் உயிரோடு இருந்திருந்தால் சீக்கிரம் புரிய வைத்திருப்பார். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொடுக்க வேண்டியவரும் பெற வேண்டியவரும் இருவரும் கண் முன்னால் இருக்கும் காலம் இது ஒன்றுதான். அவள் இல்லாத வீட்டுக்குப் போய் அவள் பிள்ளைகளிடம் நான் எந்த நோட்டைக் காட்டுவேன்?

போன மாதம் பதிவு நடந்தது. விரல் ரேகை பதியும் கருவியில் அக்கா பெருவிரலை வைத்தாள். பதியவில்லை. துணியால் துடைத்து வைக்கச் சொன்னார்கள். பதியவில்லை. இடது கை, வலது கை, மறுபடியும் இடது கை. அங்கிருந்த பெண் அலுவலர் எழுந்து வந்து, அக்காவின் கையைத் தன் கையில் வாங்கி, விரல் நுனியைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் பாட்டி என்று கேட்டார். தீப்பெட்டி ஒட்டினேன் தாயி என்றாள் அக்கா. ஆறாவது முறையில் பதிந்தது.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பைக்குள் நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், நீயே படி என்றாள். ஜனவரியிலிருந்து தொடங்கினேன். திங்கள் மூன்று, செவ்வாய் மூன்று, வியாழன் இரண்டரை.

புதன் எங்கே என்று கேட்டாள். புதனுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை என்றேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல், கழுகுமலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், ஆறு மைல் என்றாள். எனக்கு அந்த நாள் நினைவில்லை. அவள் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மேலே படி என்றாள்.

எட்டயபுரம் பஸ் வருவதற்குள் பிப்ரவரி வரை வந்திருந்தோம்.