அழுதாலே பால் பற்றவில்லை என்று அர்த்தமா?

பச்சைப்பிள்ளை அழுதால் அதற்குப் பசிதான் காரணம், அந்தப் பசிக்குப் பெற்றவளிடம் பால் இல்லாததுதான் காரணம் என்று தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை ராமேசுவரம் தீவில் இருக்கும் இந்தத் தங்கச்சிமடத்தில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பால் இருக்காத்தா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். தையல் வலிக்கிறதா, இரவில் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடினாயா என்று பச்சை உடம்புக்காரியைப் பார்த்து ஒருவரும் கேட்பதில்லை.

என் மகள் விளக்கு வைக்கும் நேரத்தில் மார்பைப் பிடித்தால் இரவு பத்து மணி வரை விடமாட்டாள்; குடிப்பாள், விடுவாள், கண் செருகுவாள், கீழே கிடத்திய மறு நிமிடம் வீறிட்டு அழுது மறுபடியும் வாயைப் பிளப்பாள். பிறந்த சில வாரங்களுக்கு மாலை வேளையில் பிள்ளைகள் இப்படி விட்டுவிட்டுத் தொடர்ந்து குடிப்பது இயல்புதான். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு சீம்பாலே போதுமான வயிறு அது. தாய்ப்பால் சீக்கிரம் செரித்தும் விடுகிறது. ஆகவே ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை வரை பால் கேட்பது கணக்குப்படி சரியாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் அயித்தைக்கு அந்த அழுகை ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும்: "பால் பத்தலைத்தா, ஒரு டின்னு வாங்கி ஊத்து, புள்ள அசந்து தூங்கும்."

அசந்து தூங்கும்தான், நான் மறுக்கவில்லை. பால்மாவுப் பால் செரிக்க நேரமாகும் என்பதால் பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். அந்த நேரத்தில் என் மார்பில் கட்டிக்கொண்டு நிற்கும் பாலுக்கு யார் பதில் சொல்வது? பால் வெளியேற வெளியேறத்தான் உடம்பு மேலும் சுரக்கும். தேங்கினால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இரவில்தான் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுதலாக இருக்கும் என்பதால், "ராத்திரிக்கு மட்டும் புட்டிப்பால்" என்ற யோசனை அடிமடியிலேயே கை வைக்கிறது. அதன் பிறகு பால் உண்மையிலேயே குறையும்போது, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அதே அயித்தை வந்து நிற்பார். குறைய வைத்தவரும் அவரே, குறைந்துவிட்டது என்று சாட்சி சொல்பவரும் அவரே!

அந்த மாவைக் கரைக்க ஆகும் தண்ணீரைப் பற்றி ஒருவராவது யோசித்தார்களா? நம் கடற்கரையில் பல தெருக்களில் அடிகுழாயை அடித்தால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளுக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம், வராத நாளில் குடம் இத்தனை ரூபாய் என்று வண்டியில் வாங்குகிறோம். அதைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுத்து, நடுச்சாமத்தில் மின்சாரம் போன இருட்டில் மாவை அளந்து கலக்கப் போவது யார்? யோசனை சொன்னவர் அந்நேரம் தன் வீட்டில் போர்வைக்குள் இருப்பார்.

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த டின்னுக்கு விளம்பரமே செய்யக்கூடாது, அதன் மேல் குழந்தை படம்கூட அச்சிடக்கூடாது. கம்பெனிக்காரன் வாயைக் கட்டிய சட்டத்தால் எங்கள் சொந்தக்காரர்களின் வாயைக் கட்ட முடியவில்லை. காசு வாங்காமலேயே வீடு வீடாக விளம்பரம் நடக்கிறது. மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கச் சொன்ன தாய்மார்கள் கொடுக்கட்டும், அவர்களைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. என் மகள் நாளைக்கு ஆறு ஏழு துணியாவது நனைக்கிறாள், பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். செவிலியர் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். அழுகையின் சத்தத்தை வைத்துப் பாலை அளக்கும் தராசு அவரிடம் கிடையாது.

தண்ணீர் விவகாரம் தனி. "இந்த வெயில்ல நாக்கு வறண்டுபோகும், ரெண்டு சொட்டுத் தண்ணி வையி" என்கிறார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை எந்தக் கோடையிலும் வேறு சொட்டு தேவையில்லை. தேன் தடவ வந்த விரலை நானே பிடித்துத் தடுத்தேன். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் நரம்பைத் தாக்கும் என்றதற்கு, "நாங்கெல்லாம் வளரலையா?" என்று கோபித்துக்கொண்டு போனவர் இன்னும் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம், தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பகல்ல தூங்கவிட்டா ராத்திரி முழிச்சுக்கும்" என்பது அவர்கள் வாதம். இரவு பகல் என்ற பேதமே முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிள்ளையின் உடம்புக்குப் பிடிபடாது. இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான் அது தூங்கும், அந்தத் துண்டுகளில்தான் நானும் தூங்கியாக வேண்டும். வீட்டுக்காரர் மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாளில் பிள்ளையைக் கை மாற்ற அம்மாவை விட்டால் ஆள் இல்லை. அப்படிப்பட்ட நாளில், தொட்டில் அசைவது அப்போதுதான் நின்று, நான் தலையைச் சாய்க்கும் வேளை பார்த்து, "மூக்கு யாரு மாதிரின்னு பாத்துட்டுப் போயிருறேன்" என்று சேலைத் தொட்டிலை விரித்துப் பார்ப்பவர்களை என்ன செய்வது?

வரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்கள் வெறுங்கையோடு அறிவுரை கொண்டுவராமல், பால்சுறா கிடைத்தால் வாங்கி வந்து, பூண்டு நிறையத் தட்டிப்போட்டுப் புட்டு செய்து வைத்துவிட்டு, கொடியில் காயும் துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அதற்குள் பிள்ளை தானாக விழித்துக்கொண்டால் மூக்கையும் பார்த்துக்கொள்ளட்டும்.