இன்னொரு பையில் இருக்கும் போன்

ராணுவத்துக்கென்று ஒரு போனை அடிமுதல் நாமே உருவாக்க வேண்டும் என்று சிலர் விடாமல் எழுதி வருகிறார்கள். ராணுவத் தகவல்தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. படைக்கென்றே செய்த கருவி கைக்கு வந்து சேர்வதற்குள், கடைத்தெருவில் அதைவிட நல்லது வந்து அதுவும் பழசாகியிருக்கும். சந்தையில் உள்ளதை எடுத்து அதன்மேல் நம் பூட்டைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

தரைப்படையின் 'சம்பவ்' அப்படி வந்ததுதான். 5ஜி கைபேசி, பொதுமக்கள் பயன்படுத்தும் அதே நெட்வொர்க், அதன்மேல் பல அடுக்குக் குறியாக்கம் (பேச்சை வேறு யாரும் புரிந்துகொள்ள முடியாதபடி மாற்றிப் பூட்டுவது), வாட்ஸ்அப்புக்குப் பதிலாக எம்-சிக்மா என்ற செயலி. 2024 அக்டோபரில் சீனாவுடன் நடந்த எல்லைப் பேச்சுவார்த்தையின்போது இதையே பயன்படுத்தியதாகத் தளபதி உபேந்திர திவேதி பிறகு சொன்னார். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் ரகசியத் தகவலுக்குக் கடைச்சரக்கை அனுமதிக்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு குறியாக்க அடுக்குகள் வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும்.

ஆனால் குறியாக்கம் பேச்சைத்தான் மறைக்கும், பேசுகிறவன் நிற்கும் இடத்தை மறைக்காது. போன் சும்மா கிடந்தாலும் டவரோடு பேசிக்கொண்டே இருக்கிறது. நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையத்தின் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து போகும் மிகத் தாழ்ந்த அலைவரிசை, கடல்நீருக்குள் பத்து, இருபது மீட்டர் ஆழம்வரை இறங்கி நீர்மூழ்கிக்குச் செய்தி சொல்கிறது. நீர்மூழ்கி கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. அதன் பாதுகாப்பே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. கைபேசிக்கு அந்த மௌனம் வராது. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியின் வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. 2023 புத்தாண்டில், ரஷ்யாவின் பிடியில் இருந்த கிழக்கு உக்ரைன் நகரமான மகீவ்காவில் உக்ரைன் தாக்கி, ரஷ்யக் கணக்குப்படி 89 ரஷ்ய வீரர்கள் இறந்தபோது, தடையை மீறி வீரர்கள் கைபேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம்.

அதனால் எனக்குச் சம்பவ் பற்றிக் கவலை இல்லை. அதை வைத்திருப்பவரின் இன்னொரு பையில் இருக்கும் சொந்தப் போன்தான் கவலை. பாளையங்கோட்டையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் நின்றிருந்தேன். விடுப்பில் வந்த பையன் ஒருவன் டிஸ்ப்ளே மாற்றப் போனைக் கொடுத்தான். கடைக்காரர் வழக்கம்போல் பேட்டர்னைக் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் ஒன்பது புள்ளி வைத்துக் கோடு இழுத்து, போனின் முதுகிலேயே ஒட்டினார். சாயங்காலம் வரச் சொன்னார். அதுவரை மேசையில் அந்தப் போன் யார் கைக்கு எட்டாது? கடைக்காரர் மேல் குற்றமில்லை, திறக்காமல் அவர் எதைச் சரிபார்ப்பார்?

தடை போட்டும் பார்த்தாயிற்று. 2019 டிசம்பரில் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனைத் தடுத்தது. 2020இல் தரைப்படை 89 செயலிகளை நீக்கச் சொன்னது. உத்தரவு பையனுக்குப் போகும், அவனுடைய அம்மாவுக்குப் போகாது. களக்காட்டிலோ வள்ளியூரிலோ இருக்கும் அந்த அம்மா, மகன் சீருடையில் அனுப்பிய படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, எந்த ஊருக்கு மாற்றலாகிப் போகிறான் என்பதையும் பெருமையாக எழுதுவாள். ராத்திரி வீடியோ காலில் முகம் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இதைப் பொறுப்பின்மை என்று திட்டுகிறவர்கள் பிள்ளையை எல்லைக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் இல்லை.

வீட்டுப் பேச்சுக்கும் படையே ஒரு செயலி தரட்டும். பெற்றோர், மனைவி என்று பதிவு செய்த இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும், படையின் சர்வர் வழியாகப் போகும் வீடியோ கால் போதும். முகாமுக்குள் சொந்தப் போனை வாங்கி வைத்துவிட்டு அதைக் கொடுங்கள், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஊரில் அம்மாவின் போனில் அதை ஏற்றிக் கொடுக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. எங்களைப் போல ஓய்வு பெற்ற சிக்னல்காரர்களைக் கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவோம். படைவீரரின் சொந்தப் போனைப் பழுது பார்க்க ஒவ்வொரு கேன்டீனிலும் ஒரு மேசை போடட்டும்.