டெர்வ்லா மர்ஃபி காத்திருந்த காலம்

தனிப்பயண நூல்கள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அயர்லாந்துப் பயண எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபியின் துணிச்சலைத்தான் பேசுகிறது. என்னை உலுக்கியது அவர் காத்திருந்த காலம். பத்தாவது பிறந்தநாளுக்கு சைக்கிளும் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தபோதே இந்தியா வரை மிதிப்பதென்று முடிவு செய்தவர், நோயாளி அம்மாவுக்காக 14 வயதில் பள்ளியை விட்டு, 30 வயது வரை பெரும்பாலும் அயர்லாந்து வீட்டிலேயே இருந்தார். அம்மா இறந்த பிறகு, 1963 ஜனவரிக் கடுங்குளிரில்தான் கிளம்பினார். அப்புறம் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி! கைத்துப்பாக்கி வைத்திருந்தார், சரி. ஆனால் ஆப்கானியர்கள் தந்த விருந்தோம்பலை எழுதும்போது எவ்வளவு பாசம்! டெல்லி வந்ததும் ஊர் திரும்பவில்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். என் அம்மாவும் இப்போது படுக்கையில்தான். இரவில் அவர் தூங்கியபின், மர்ஃபி காத்திருந்த காலம் பற்றிய பக்கங்களைத்தான் மறுபடி மறுபடி படிக்கிறேன்.