இலவச அறை இல்லை அண்ணா, அது என் கூலி

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பலர் அனுப்பி, "இது நீங்கள்தானா?" என்று விசாரித்தார்கள். நானேதான். நடுநிசியில் தீ அலாரம் அடித்து, விடுதிக்கு வெளியே பனியில் நிற்கும் பிள்ளைகளை "உள்ளே போகக் கூடாது" என்று கையை விரித்துத் தடுக்கிற, மஞ்சள் மேலங்கி போட்ட அந்த ராட்சசி நான்தான்.

எடுத்த பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு வயது, தூக்கம் கெட்ட எரிச்சல், கையில் போன். அதைக் கொண்டுவந்து நம் தமிழ்க் குழுவில் போட்டு, மேலே ஒரு வரியும் எழுதினாரே ஓர் அண்ணன், அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "இலவச அறை, இலவசச் சாப்பாடு, படிப்புக்கும் தள்ளுபடி. வார்டனம்மாவுக்கு வந்த அதிகாரத்தைப் பாருங்கள்." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் சிலர் என் கையால் சாப்பிட்டவர்கள்.

இலவசம் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், இலவசம் இல்லை. அமெரிக்காவில் முதுநிலை படித்துக்கொண்டே, இளநிலை மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றின் பொறுப்பைப் பார்க்கிறேன். அறையும் உணவு அட்டையும் கட்டணக் குறைப்பும் கையில் வருகிற சிறு தொகையும் அந்த வேலைக்குக் கூலி. மாதக் கடைசியில் உங்கள் வங்கிக் கணக்கில் விழுவதை யாராவது "இலவசப் பணம்" என்றால் சும்மா இருப்பீர்களா அண்ணா?

அந்த அறையைத்தான் எல்லோரும் கண்வைக்கிறீர்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போவது என்று உங்களுக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு வீடே வேலைக்குள் இருக்கிறது. ரசத்துக்குத் தாளிக்கும் நேரத்தில் கதவு தட்டப்படும்: துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவன், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டானாம். அவனை அனுப்பிவிட்டு வந்தால் டியூட்டி போன் அடிக்கும். எனக்குக் கீழே வேலை செய்யும் இளநிலை உதவியாளர், ஆர்.ஏ. என்பார்கள், அவளுக்கே பத்தொன்பது வயது, அழுதுகொண்டே கூப்பிடுவாள்: ஓர் அறையில் ஒரு பெண் உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிறாள், என்ன செய்வது? மனநல ஆலோசகர் வரும்வரை அந்தத் தாழ்வாரத்தில், கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, என்ன படித்தாய், எந்த ஊர், நாய் வளர்க்கிறாயா என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். விடிந்து எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. பேராசிரியருக்கு இதையெல்லாம் சொல்ல முடியாது. சொன்னாலும், "நேரத்தைச் சரியாக நிர்வகிக்கக் கற்றுக்கொள்" என்பார்.

சரி, குளிருக்கு வருகிறேன். "பாவம் பிள்ளைகள், கால்மணி நேரம் உறைந்து நின்றார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்தான், யார் இல்லை என்றார்கள்? நானும் அதே பனியில்தான் நின்றேன், அது காணொளியில் தெரியவில்லை போலும். அலாரம் அடித்துவிட்டால் தீயணைப்புப் படை வந்து பார்த்து, சரி என்று சொல்லும்வரை யாரையும் உள்ளே விட எனக்கு உரிமை இல்லை. பாப்கார்ன் கருகினாலும் அதே நடைமுறைதான்.

2000 ஜனவரி 19 அதிகாலையில், நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் போலண்ட் ஹால் விடுதியில் தீப்பிடித்தது. அதற்குமுன் எத்தனையோ முறை பொய்யாக அலாரம் அடித்திருந்தது; வழக்கமான தொல்லைதான் என்று பல பிள்ளைகள் போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். விடுதிகளில் தண்ணீர்த் தெளிப்பான் கட்டாயம் என்று அந்த மாநிலம் அதே ஆண்டில் சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான். ஆனால் தெளிப்பான் குழாயில் சட்டை மாட்டும் பிள்ளைகளையும், புகை பிடிப்பது தெரியாமலிருக்க அலாரக் கருவிக்குக் குளியல் தொப்பியைக் கவிழ்த்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிவைக்கும் பிள்ளைகளையும் எந்தச் சட்டம் திருத்தும்? நாற்காலிமேல் ஏறி அந்தத் தொப்பியைக் கழற்றுவதுதான் எனக்கு வந்த அதிகாரம்.

"அன்று உண்மையில் என்னதான் நடந்தது, சொல்லுங்களேன்" என்று கேட்கிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன். மாணவர்களின் பதிவுகளைப் பாதுகாக்க 1974இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. யார் அறை, யார் பெயர் என்று நான் வாய் திறக்க முடியாது. என்னைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், பதில் சொல்ல எனக்கு மட்டும் வழியில்லை. வசதியான ஏற்பாடு.

இதே சட்டத்தால் ஒரு தமிழ் அப்பாவிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். யாரிடமோ என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். "நீயும் நம் ஊர்ப் பெண்தானே அம்மா. என் மகள் ராத்திரி எத்தனை மணிக்கு விடுதிக்கு வருகிறாள், யாரோடு வருகிறாள், அதை மட்டும் சொல்." முடியாது ஐயா, அவரிடமே கேளுங்கள் என்றேன். "அவர்" என்று மகளைச் சொன்னதற்கே கோபம் வந்துவிட்டது. என் வளர்ப்பு சரியில்லை என்றார். எங்கள் அம்மாவை அவருக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

"பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?" கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், நாளைக்கே விடுகிறேன்.

"எஃப்-1 மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேரம்தானே வேலை, என்ன அலுப்பு?" ஆமாம், பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் இருபது மணி நேரம்தான் சட்டம். என் நேரக் கணக்குத் தாளிலும் இருபதுதான் இருக்கிறது. இதற்குமேல் இந்தப் பத்தியில் நான் எதுவும் எழுதப்போவதில்லை. விசாவில் இருக்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

கூலி என்று நான் மட்டும் பிதற்றவில்லை. 2002இலேயே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆர்.ஏ.க்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள், அதுவும் கார்த் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து. நம் குழுவில் ஒன்றிரண்டு தோழர்கள் இருக்கிறீர்கள். மே தினத்துக்குச் சிவப்புப் படம் வைக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு முகங்களில் உங்கள் பெயரையும் பார்த்தேன்.

உண்மையில் குளிரும் அலாரமும் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அதே மஞ்சள் மேலங்கியோடு நின்றிருந்தால், "என்ன பொறுப்பு பாருங்கள்" என்று எழுதியிருப்பீர்கள். ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி கையை விரித்து "போகக் கூடாது" என்றதுதான் உறுத்துகிறது. இல்லை என்று சொல்லாதீர்கள். "வார்டனம்மா" என்ற பெயர் வேறெங்கிருந்து வந்தது?

பொங்கலுக்குப் பெரிய அடுப்புள்ள சமையலறை வேண்டும் என்று என் விடுதியைத்தான் கேட்டீர்கள். முறைப்படி விண்ணப்பம் எழுதி, அனுமதி வாங்கி, கடைசியில் பாத்திரம் கழுவிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தது யார்? அன்றைக்கு யாருக்கும் வார்டனம்மா நினைவுக்கு வரவில்லை.

இந்த வார இறுதியும் டியூட்டி போன் என்னிடம்தான். பதிவுக்குக் கீழே "வார்டனம்மா" என்று எழுதுகிறவர்களை விவாதம் இல்லாமல் நட்பிலிருந்து நீக்குகிறேன். அண்ணனை நேற்றே நீக்கிவிட்டேன். யாராவது இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்புவீர்கள் என்று தெரியும். முழுதாக எடுத்து அனுப்புங்கள்.