பள்ளி லெவிக்கு என் ஓட்டு

வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் தமிழ் நண்பர்களே, பிப்ரவரித் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு இந்நேரம் உங்கள் தபால் பெட்டிக்கு வந்திருக்கும். கூப்பன் காகிதங்களோடு சேர்த்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் பள்ளிகளுக்கான லெவி, அதாவது நாம் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்தால் மட்டும் பள்ளிகளுக்காக வசூலிக்கிற சொத்து வரி, அதில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. "சொத்து வரிதான் கட்டுகிறோமே, இன்னும் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன்.

எல்லாக் குழந்தைகளின் கல்விக்கும் தாராளமாக வழி செய்வது அரசின் தலையாய கடமை என்று இந்த மாநிலத்தின் அரசியல் சாசனம் சொல்கிறது. அரசு அதைச் செய்யவில்லை என்று 2012ல் மெக்ளியரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015ல் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதமும் போட்டது. 2018ல் வழக்கு முடிந்தது, அரசு தரும் பணமும் கூடியது. ஆனால் அந்தப் பணம் ஒரு கணக்குப்படிதான் வரும். 400 குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு அந்தக் கணக்கு பல வருடங்கள் ஒதுக்கியது 0.076 நர்ஸ். வாரத்துக்குச் சுமார் 3 மணி நேரம்! 2022ல் சட்டம் கொண்டுவந்து அதை உயர்த்தினார்கள், அப்படியும் ஒரு முழு நர்ஸ் ஆகவில்லை. மிச்சத்தை லெவிப் பணத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் மதியம், யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்று உதடு வீங்கிவிட்டது. அன்று நர்ஸ் வேறு பள்ளியில் இருக்கும் நாள். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாதான், போனில் நர்ஸ் சொல்லச் சொல்ல, அவன் தொடையில் அலர்ஜி ஊசியைப் போட்டிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு காலில் ஷூ இல்லாமல் படுத்திருந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அந்த அம்மாவின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என் பிள்ளையைக் காப்பாற்றினார், ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அந்த வேலையை அவர் தலையில் கட்டியது தப்பு.

வாக்குச்சீட்டில் 'ரிப்ளேஸ்மென்ட்' என்று ஒரு வார்த்தை இருக்கும், கவனியுங்கள். முடியப்போகிற பழைய லெவியின் இடத்தில் வருவது என்று அர்த்தம். புதிதாக இன்னொரு வரி முளைக்கவில்லை. வீட்டு விலை ஏறினால் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போவார்கள் என்பதும் சரியில்லை. ஒவ்வொரு வருடமும் மொத்தம் எத்தனை டாலர் வசூலிக்கலாம் என்பதற்குத்தான் நாம் ஒப்புதல் தருகிறோம். ஊரில் எல்லா வீடுகளின் மதிப்பும் ஏறினால் வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு இவ்வளவு என்று போடும் வரி விகிதம் இறங்கும். அப்புறம், 61 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வருமானம் கவுன்ட்டி வரம்புக்குள் இருந்தால், இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. உங்களுக்குத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இது சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆயிரத்துக்கு ஒன்றரை டாலர் என்றாலே, எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 1,200 டாலர். எனக்கும் அது பெரிய பணம்தான். ஆனால் வீடு தேடும்போது நாம் முதலில் பார்த்தது அந்தப் பகுதிப் பள்ளியின் ரேட்டிங்கைத்தானே? அந்த ரேட்டிங்கை நமக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் வருஷக்கணக்கில் லெவிக்கு ஓட்டுப் போட்டுக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளி போகிற வயதில் பிள்ளைகளே இல்லை.

எச்1பி, கிரீன் கார்டில் இருக்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இதே வரியைக் கட்டுகிறார்கள், வாடகைக்கு இருந்தாலும் அதில் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்காருகிறார்கள். ஆனால் ஓட்டு இல்லை. பன்னிரண்டு வருடம் நான் அப்படி இருந்தேன். அதனால்தான் சிட்டிசன் ஆகியும் இந்தச் சீட்டைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லெவி தோற்றால் பன்னிரண்டு மாதத்தில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் மக்களிடம் கேட்க முடியும். ஏப்ரலில் அதுவும் போனால், மே மாதம் ஆசிரியர்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ் போகத் தொடங்கும்.

உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், ஸ்டாம்ப் வேண்டாம். டிராப் பாக்ஸில் போடுவதாக இருந்தால் தேர்தல் நாள் இரவு 8 மணி வரை நேரம். சீட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் கமெண்டில் கேளுங்கள், எத்தனை பேர் கேட்டாலும் சொல்கிறேன்.